வெள்ளிக்கிழமை கொடுத்த ஒப்புதல்

திஹோமிரின் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவன் நான். அப்படி நின்றவனை எங்கள் பக்கத்தில் கூம் என்று அழைப்பார்கள். கூடப் பிறந்தவனைவிட ஒரு படி மேல். அதனால்தான் அந்த மார்ச் மாதம் அவன் எழுதிய கணினி நிரலை நான் திருப்பி அனுப்பியபோது அவனுக்கு அவ்வளவு வலித்தது.

நோவி ஸாத் நகரத்தில் எங்கள் கம்பெனி பேருந்துகளுக்கான கேமராப் பெட்டிகளைச் செய்தது. பக்கக் கண்ணாடிகளுக்குப் பதிலாகக் கேமராக்கள், ஓட்டுநருக்கு முன்னால் ஒரு திரை. பெட்டிக்குள் படங்களைக் கையாளும் சிப்பை இயக்கும் நிரல் திஹோமிருடையது. அதை வரிவரியாகப் படித்துத் தவறு தேடுவது என் வேலை. நான் ஒப்புதல் கொடுக்காமல் ஒரு வரிகூடப் பேருந்தில் ஏறாது.

அந்த நிரலில் இரண்டு பூட்டுகள் இருந்தன. கேமராவிலிருந்து வரும் படங்களின் வரிசையைக் காக்க ஒன்று, சிப்பின் அமைப்புகளைக் காக்க இன்னொன்று. ஒரு வேலை பூட்டை எடுத்துவிட்டால், அது விடும்வரை மற்ற வேலை காத்திருக்க வேண்டும். புதுப் படம் வரும்போது திஹோமிரின் நிரல் முதல் பூட்டை எடுத்துவிட்டு இரண்டாவதற்குப் போனது. ஓட்டுநர் கதவுப் பொத்தானை அழுத்தி, திரை கதவுக் கேமராவுக்கு மாறும்போது இரண்டாவதை எடுத்துவிட்டு முதலாவதற்குப் போனது. இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால், ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் விடட்டும் என்று நிற்கும். திரையில் கடைசிப் படம் அப்படியே உறைந்துவிடும்.

புதன்கிழமை, ஆபீசில் எல்லாரும் பார்க்கும் திருத்தப் பக்கத்தில், அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: இது மாட்டிக்கொள்ளும், பூட்டெடுக்கும் வரிசையை மாற்று. இரண்டும் ஒரே நேரத்தில் வரவே வராது, கேமரா மாறுவதற்கு முன் புதுப் படம் வருவது நின்றுவிடும் என்று அவன் பதில் எழுதினான். பொத்தானை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் நிற்காது என்று எழுதினேன். யார் அப்படி அழுத்தப் போகிறார்கள் என்று கேட்டான். சரியாக மாற்றிச் சோதித்து முடிக்க மூன்று வாரம் ஆகும். பெட்டிகள் திங்கட்கிழமை போகவேண்டும். எங்கள் மேலாளர் சொரானா இரண்டு முறை என் மேசைக்கு வந்து காலண்டரைப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் திஹோமிர் எனக்கும் சேர்த்து பூரெக் பலகாரம் வாங்கி வந்தான். சாப்பிடாமல் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூமே, மொத்த ஆபீசும் அந்தப் பக்கத்தைப் படிக்குது," என்றான். "என்னைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிட்ட."

நான் சாப்பிட்டு முடித்தேன். கை துடைத்துக்கொண்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன்.

ஏழு மாதம் எதுவும் நடக்கவில்லை.

அக்டோபரில், தெற்கே ஒரு சின்ன நகரத்தில், பெர்சிதா என்ற எழுபத்தொரு வயதுப் பெண்மணி எங்கள் பெட்டி பொருத்திய பேருந்தின் கதவில் சிக்கி நாற்பது மீட்டர் இழுபட்டு இறந்துபோனார். ஓட்டுநர் லியூபின்காவைக் கைது செய்தார்கள். திரையில் கதவு காலியாகத்தான் இருந்தது, அதைப் பார்த்துத்தான் கதவை மூடி வண்டியை எடுத்தேன் என்று அவள் சொன்னதைச் செய்தித்தாளில் படித்தேன். அடுத்த வரியில், திரையைச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை என்று இருந்தது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும். குறை எப்படித் தெரியும்? அவள் தூங்கியிருப்பாள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

அவள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. அதற்குச் சற்று முன் ஒருமுறை கதவை மூடும்போது யாரோ ஓடிவந்து தட்டினார்களாம். பாவம் என்று உடனே மறுபடி திறந்தாளாம். பொத்தானை அடுத்தடுத்து இரண்டு முறை.

சனிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டியை எடுத்து மாட்டினேன். பொத்தானை அப்படியே அழுத்திக்கொண்டே இருக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதி ஓடவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது முறை படம் நின்றது. கேமராவுக்கு முன்னால் போய் நின்று கையை அசைத்தேன். திரையில் காலி அறைதான் தெரிந்தது.

திஹோமிரை வரவழைத்துக் காட்டினேன். அவனும் கையை அசைத்துப் பார்த்தான். பிறகு, அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிடலாம் என்றான்.

"அந்தப் பொண்ணு ஜெயில்ல இருக்காடா."

"அவ உனக்கு யாரு? நான் யாரு?" என்றான். "அந்தப் பக்கத்துல உன் பேரும்தான் இருக்கு. புதன்கிழமை தெரியும்னு எழுதியிருக்க. வெள்ளிக்கிழமை சரின்னு போட்டிருக்க. எனக்காவது தெரியலைன்னு சொல்லிக்கலாம்."

அவன் சொன்னது உண்மை. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பேருந்து ஏறிப் போய் அரசு வழக்கறிஞரிடம் கொடுத்தேன்.

லியூபின்கா கைதான நாற்பத்தேழாவது நாள் வெளியே வந்தாள். எனக்கும் திஹோமிருக்கும் தண்டனை கிடைத்தது. சிறைக்குப் போகத் தேவையில்லாத தண்டனை. கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் நடக்கிறது. தீர்ப்பன்று திஹோமிர் என்னைத் தாண்டிப் போனான், சுவரைத் தாண்டுவதுபோல. அவன் மகளுக்கு நான்தான் ஞானத்தந்தை. அவளை நான் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

நீதிமன்ற வராந்தாவில் லியூபின்கா என்னிடம் வந்தாள். நன்றி சொல்ல வரவில்லை. இனி வண்டி ஓட்டப் போவதில்லை என்றாள். அப்புறம் கேட்டாள்:

"புதன்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவுல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலைங்க. அவன் மனசு கஷ்டப்படுதேன்னு பார்த்தேன்."

அவள் தலையசைத்தாள். வராந்தாவின் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த, சாம்பல் நிறக் கோட்டு போட்ட பெண்ணைக் காட்டினாள்.

"அது பெர்சிதா அம்மாவோட பொண்ணு. அவங்ககிட்டயும் இதைச் சொல்லுங்க."

போனேன். பக்கத்தில் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன். முடித்ததும் அவள், எல்லாரும் பூட்டு பூட்டு என்கிறார்களே, கோர்ட்டில் தனக்கு அது புரியவேயில்லை, அது எந்தப் பூட்டு என்று கேட்டாள். கதவில் இருந்த பூட்டா?

இல்லை என்றேன். என் இரண்டு கைகளையும் இரண்டு பூட்டுகளாக அவள் முன்னால் நீட்டி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.