இருநூற்றுப் பதினான்கு கட்டைவிரல்கள்

துப்பாக்கி வாங்கியவர்களின் பட்டியலை மாநில அரசு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுத்த செவ்வாய்க்கிழமை, கலிபோர்னியாவின் ஓக் ஸ்லூ ஊரில் இருநூற்றுப் பதினான்கு பேரின் வலது கட்டைவிரல் ரேகை மறைந்துபோனது. வலி இல்லை, இரத்தம் இல்லை. அன்று பீச் பழம் பெட்டி இருபது டாலருக்குப் போனது.

இங்கே துப்பாக்கி வாங்குகிறவர் விண்ணப்பத்தில் வலது கட்டைவிரலைப் பதித்துவிட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். "இது உனக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல. ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது" என்று சொல்லித்தான் கடைக்காரர் ஓட்டிஸ் மையை நீட்டுவார். துப்பாக்கிச் சாவுகளை எப்படித் தடுப்பது என்று ஆராயத்தான் பேராசிரியர்கள் பட்டியலைக் கேட்டார்கள். பெயர்களை வெளியே விடமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள், விடவும் இல்லை. ஆனால் காபிக் கோப்பையைப் பிடிக்கிற விரலைப் பார்த்தே யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதுகில் குத்திவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. கொதித்ததில் தப்பில்லை. நம்பிக் கொடுத்ததை நம்மைக் கேட்காமல் இன்னொருவரிடம் கொடுப்பது, நல்ல காரியத்துக்கென்றாலும், துரோகம்தான்.

ஊர்க்கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியவன் பீச் தோட்டக்காரன் டெல்பர்ட். அவன் விரலில் கட்டு இருந்தது. கவாத்துக் கத்தரி வெட்டிவிட்டதாக மனைவி மார்லினிடம் சொல்லியிருந்தான். அவர்களுடைய ஒரே மகன் கிளென் ஒன்பது வருடத்துக்கு முன், பத்தொன்பது வயதில், பழக்கொட்டகையில் தன்னைச் சுட்டுக்கொண்டான். துப்பாக்கி யாரோ சிநேகிதனுடையது என்று டெல்பர்ட்தான் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்து சொன்னான். முகம் தெரியாத அந்தச் சிநேகிதனை மார்லின் ஒன்பது வருடமாகச் சபித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து வாரமாக ஆறாத காயம் என்ன காயம் என்று அவளே ஒருநாள் கட்டை அவிழ்த்தாள். விரல் வழவழவென்று இருந்தது.

"எப்ப வாங்கின?"

"அந்த வருஷ வசந்தத்துல. பாம்புக்குத்தான், மார்லின்."

"கிளென் எடுத்தது அதேதானா?"

அவன் தலையாட்டினான்.

"பூட்டி வெச்சியா?"

அவன் கட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டான். "என் பேரை வெளியாளுக்குக் கொடுக்க இவனுங்களுக்கு என்ன உரிமை இருக்கு?" என்று பழைய பாட்டைப் பாடினான்.

"அவனுங்க உன் பேரைத்தான் கொடுத்தானுங்க. நீ என் புள்ளையோட சாவையே மறைச்சிட்டியேடா, பாவி!" என்றாள். அன்றிலிருந்து கிளெனின் அறையில் படுத்துக்கொண்டாள்.

ரேகைகள் திரும்பவில்லை. வங்கியில் இப்போது இடது கட்டைவிரலை எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் பதினோராம் நாள் வழவழத்த விரலோடு வந்து காபி குடிக்கிறார்கள், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

மறு வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து, துப்பாக்கிச் சாவுகளைப் பற்றிக் கேட்டு, வீட்டுக்கு வீடு ஒரு படிவம் வந்தது, விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று. "வேண்டாம், இது நம்ம வீட்டு விஷயம்" என்றான் டெல்பர்ட். மார்லின் சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினாள். துப்பாக்கி யாருடையது: தந்தையுடையது. பூட்டியிருந்ததா: இல்லை. பெயர் எழுத வேண்டாம் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவள் ஓரத்தில் கிளென் என்று எழுதி, உறையை ஒட்டி, தானே அஞ்சலகத்துக்கு நடந்து போனாள்.