வயிற்றுவலி இருந்தது

1943இல் அரியலூர்ப் பக்கத்துக் கன்னியர் விடுதி ஒன்றில் புதுச் சட்டம் வந்தது. காலை மணியிலிருந்து படுக்கை மணிவரை பிள்ளைகள் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். சொல்லிக்கொடுக்க டீச்சர்கள் போதவில்லை. எட்டாம் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் சின்னப் பிள்ளைகள் ஆறு பேரை ஒப்படைத்தார் விடுதித் தலைவி மதர் கிளெமென்ஸ். உப்புக் கேட்பது, லீவு கேட்பது, உடம்புக்கு முடியாததைச் சொல்வது எல்லாம் பிழையில்லாமல் வர வேண்டும். தமிழ் பேசினால் மத்தியானச் சாப்பாடு கிடையாது.

அந்தப் பெண்களில் அமலோற்பவமேரி கெட்டிக்காரி. போன ஞாயிற்றுக்கிழமைதான் மதர் எல்லார் முன்னாலும் அவள் குழுவை மெச்சியிருந்தார். அந்தக் குழுவில் செந்துறைப் பிள்ளை இன்னாசிமேரிக்கு மட்டும் பாடம் ஏறவில்லை. 'ஹேவ்' என்றால் இப்போது இருக்கிறது, 'ஹேட்' என்றால் முன்பு இருந்தது என்று கிணற்றடியில் உட்கார்த்தி எத்தனை தடவை சொன்னாலும் மாற்றித்தான் சொல்வாள். அவளுக்குப் பத்து வயது.

செவ்வாய்க்கிழமை காலை, துவைக்கிற கல்லருகே, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, நேத்துலேருந்து வயிறு வலிக்குதுக்கா. நிக்க முடியல."

அமலோற்பவமேரி சுற்றிலும் பார்த்தாள். "என்கிட்ட தமிழ்ல பேசாத. மதர் வரிசை பாக்க வருவாங்க, அவங்ககிட்ட இங்கிலீசுல சொல்லு."

வரிசையில் மதர் அருகே வந்ததும் இன்னாசிமேரி சொன்னாள்: "மதர், ஐ ஹேட் ஸ்டமக் பெய்ன்."

வயிற்றுவலி இருந்ததாம். இருந்து, போய்விட்டதாம். மதர் சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

அமலோற்பவமேரி அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், தன் பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்தாள்.

சாயங்காலம் ரகசியமாகக் கேட்டபோது, "இப்ப தேவலைக்கா" என்றாள் இன்னாசிமேரி. அமலோற்பவமேரிக்கு நிம்மதியாக இருந்தது.

விடிந்தபோது பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது; வயிறு பலகையாய் விறைத்திருந்தது. வண்டி கட்டி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே குடல் வெடித்திருக்கிறது, நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் மத்தியானம் அவள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து, அவளுடைய அப்பா அடைக்கலசாமி மகளின் துணிப்பெட்டியை வாங்கிப்போக வந்தார். மதருக்குத் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. இருவர் பேச்சையும் மொழிமாற்றிச் சொல்ல அமலோற்பவமேரியைக் கூப்பிட்டார்கள்.

மதரின் கண்கள் சிவந்திருந்தன. வலி போய்விட்டது என்றுதான் பிள்ளை தன்னிடம் சொன்னாள், அதை அவரிடம் சொல் என்றார்.

அமலோற்பவமேரி அப்படியே சொன்னாள்.

அடைக்கலசாமி துண்டைக் கையில் சுருட்டியபடி நின்றார். "வூட்ல முள்ளு குத்துனாக்கூட ஊரக் கூட்டுற புள்ளம்மா அது. வலிக்குதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலியா?"

அமலோற்பவமேரி அவர் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா மாமா. என்கிட்ட சொன்னா. மதர்கிட்ட இங்கிலீசுல வலி இருந்துச்சுன்னு மாத்திச் சொல்லிட்டா. மாத்திச் சொல்றான்னு எனக்குத் தெரியும். எனக்குக் கெட்ட பேரு வந்துடும்னு வாயத் தொறக்கல."

அவர் அவளையே பார்த்தார். திட்டவில்லை. "நீயும் சின்னப்புள்ளதான்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே போனார்.

அவர் என்ன சொன்னார் என்று மதர் கேட்டார். அமலோற்பவமேரி தான் சொன்னதையும் சேர்த்து, ஒன்றும் விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். மதர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

உடம்புக்கு முடியாவிட்டால் மட்டும் தமிழில் சொல்லலாம் என்று அந்த வாரமே அறிவித்தார்கள். மற்றபடி சட்டம் அப்படியே இருந்தது. தனக்கு இனிப் பிள்ளைகள் வேண்டாம் என்று அமலோற்பவமேரி அழுது கேட்டும் மதர் ஒப்பவில்லை. திங்கட்கிழமை ஏலாக்குறிச்சியிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளையை அவளிடம் சேர்த்தார்கள்.