எட்டாத ரிப்பன்

அந்த ஆண்டு பிப்ரவரித் திருநாளில் புனித கோப்னெட்டின் இடுப்பைச் சுற்றி ரிப்பன் எட்டவில்லை. அயர்லாந்தின் கிளன்பேஹா பங்குக் கோவிலில் அவள் மரச்சிலையாக, கைகூப்பி ஜெபித்தபடி, நடை பழகும் குழந்தை உயரத்துக்கு நிற்கிறாள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் மடம் கட்டி, தேனீ வளர்த்து, கன்னியருக்குத் தலைவியாக இருந்தவள். திருநாளன்று ஆளுக்கொரு ரிப்பனை அவள் உயரத்துக்கு ஒருமுறை, இடுப்பைச் சுற்றி ஒருமுறை பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தொண்டைவலிக்குக் கழுத்தில் கட்டுவார்கள், ஈனாத பசுவுக்குக் கொம்பில் கட்டுவார்கள். அளவு எந்தக் காலத்திலும் மாறியதில்லை.

முதல் பழி கடைக்காரர் டோனல் மேல் விழுந்தது. ரிப்பனில்கூடத் திருடுகிறான் என்றார்கள். அவர் கோபத்தில் முழுச் சுருளையே கொண்டுவந்து விரித்தார். உயரம் சரியாக இருந்தது, இடுப்புதான் பெருத்திருந்தது. மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது என்றார் தச்சர். அயர்லாந்தில் ஈரம் என்ன புதிதா? அதுவும் வயிறு மட்டுமா ஊதும்? மருத்துவச்சி நெல் டூமி வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்து, கூப்பிய கைகளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அஞ்சு மாசம்," என்றாள். "தலை மேல இருக்கு. திரும்பிக்கும்."

கடைசி பெஞ்சில், அம்மாவின் கோட்டுக்குள் ஒளிந்திருந்த ஈத்னா சட்டென்று தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கோவிலே திரும்பிப் பார்த்தது. பால்பண்ணையில் வேலை செய்தவள், வயது பத்தொன்பது. விஷயம் அதுவரை அவள் அம்மா ஹன்னாவுக்கும் ஃபாதர் கோக்லனுக்கும் மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை கார் வரும், கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை வைக்கும் நகரத்து மடத்தில் துணி துவைத்துக்கொண்டு பெறுவாள், பிள்ளையை அமெரிக்காவில் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. காரணமானவன் கிறிஸ்துமஸுக்கு முன்பே பாஸ்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அவனை அடைத்துவைக்க எவரும் எந்த மடமும் கட்டவில்லை.

செய்தி பரவி, பக்கத்துப் பங்குகளிலிருந்தெல்லாம் சைக்கிளில் வந்து அளந்தார்கள். ஃபாதர் சிலையைத் துணியால் மூடினார். துணியும் போதவில்லை.

திங்கட்கிழமை கார் வந்தது. ஹன்னா பெட்டியோடு மகளைப் பின்சீட்டில் ஏற்றினாள். கதவை மூடுவதற்குள் ஊர்ப்பெண்கள் கோவிலிலிருந்து சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஈத்னா பக்கத்தில் சாய்த்து வைத்துப் போர்வை போர்த்தினார்கள்.

"அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க ஃபாதர்," என்றாள் நெல். "அவங்களும் மடத்துக்காரங்கதானே, இடம் பழகிடும்."

"இது மரம், நெல்," என்றார் ஃபாதர்.

"வெறும் மரம்தானே, தூக்கி வெளியே வைங்க."

ஃபாதர் காருக்குள் குனிந்து சிலையின் இடுப்பைப் பிடித்தார். உள்ளேயிருந்து உதைத்தது. பயந்து கையை எடுப்பார் என்று நினைத்தாளாம் ஈத்னா. அவர் எடுக்கவில்லை, இன்னொரு உதைக்காகக் காத்திருந்தார் என்று பிற்பாடு சொன்னாள். பிறகு டிரைவரிடம், சவாரி இல்லை, நீ போகலாம் என்றார். ஹன்னா அழுதுகொண்டே பெட்டியை இறக்கினாள்.

ஜூனில் ஈத்னாவுக்கு அம்மா வீட்டிலேயே பெண் பிறந்தது. அதே காலையில் கோவிலில் பீடம் நனைந்து, சிலையின் இடுப்பு பழைய அளவுக்கு வந்திருந்தது. கோவில் பணியாளர் பீடத்தைத் துடைத்துவிட்டு மணியடித்தார். குழந்தைக்கு கோப்னெட் என்றே பெயர் வைத்தார்கள். அவள் வளர்ந்து, அந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டி, ஓய்வும் பெற்றுவிட்டாள்.

டோனல் கடையில் அன்றிலிருந்து ரிப்பனை ஒரு சாண் கூட்டியே வெட்டுகிறார்கள். அதுவும் எட்டாத வருஷங்கள் உண்டு. எவன் என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணை ஒளித்துவைத்து எந்த வீட்டு ஜன்னலில் திரை இறங்கியிருக்கிறது என்று பார்த்து, பாலும் முட்டையும் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருகிறார்கள்.