ஜட்ஜம்மா போதும் என்ற உயரம்

"கழுத்து உயரத்துக்குச் சுவரை எழுப்பினா அதுக்குப் பேரு ஜன்னலா? உண்டியல்னு சொல்லுங்க."

"கத்தாதே. தெருவே கேக்குது."

"கேக்கட்டும். எனக்குத் தெருவைப் பாக்கத்தான் வழியில்லை, தெரு என்னைக் கேக்கவாவது செய்யட்டும்."

தெரு என்று அவர்கள் சொன்னது என்னைத்தான். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். துணி காலையிலேயே உலர்ந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

புது வீட்டு மாடியில், தெருவைப் பார்த்த அறையில் சுவர் முழங்கால் அளவுக்கு நின்றிருந்தது. அதற்கு மேல் எழும்ப விடாமல் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். அவள் தையல்காரி. இத்தனை வருஷம் வாடகை வீட்டின் பின்கட்டில், சுவரைப் பார்த்துப் போட்ட மெஷினில், நட்ட நடுப்பகலிலும் லைட்டைப் போட்டுத் தைத்தவள். வெளியே மழை பெய்வதே, துணி கொடுக்க வருகிறவர்கள் நனைந்து வந்தால்தான் அவளுக்குத் தெரியும். புது வீட்டில் தரை என்ன நிறம், சமையலறை எந்தப் பக்கம் என்று எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. மெஷினில் உட்கார்ந்தபடியே தெரு தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் எதிர் வீட்டு மாடியில் இருந்தது. அங்கே அவருடைய அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நாள் முழுக்க ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தீர்ப்பு சொல்வதால் ஜட்ஜம்மா என்று தெருவில் பெயர். தம்பி தன் வாழ்நாளில் தானாக எடுத்த முடிவு மீசையை மழித்தது ஒன்றுதான். அதையும் அக்கா ஒரு பார்வை பார்த்ததும் திரும்ப வளர்த்துவிட்டார்.

"வீட்டுப் பொம்பள தெருவுக்குக் காட்சிப் பொருளா உக்காரக் கூடாது" என்பது தீர்ப்பு. "நீங்க உக்காந்திருக்கீங்களே அண்ணி" என்று தையல்காரி ஒரு முறை கேட்டாள். "நான் உக்காரலை, கவனிக்கிறேன்" என்று பதில் வந்தது.

சண்டையில் வேலை நின்றுபோய், மேஸ்திரி வேறு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கிளம்பியபோது ஜட்ஜம்மாவே ஒரு வழி சொன்னார். தையல்காரி மாடியில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். மேஸ்திரி கலவை பூசாமல் வெறும் செங்கல்லை ஒவ்வொரு வரிசையாக அடுக்க வேண்டும். ஜட்ஜம்மா தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் ஜன்னலிலிருந்து பார்ப்பார். தலை மறைந்ததும் போதும் என்பார். அதுதான் உயரம்.

அன்று என் வீட்டுக் கொடியில் ஒரே ஒரு கைக்குட்டை.

"தலை தெரியுது" என்றார் ஜட்ஜம்மா, முதல் வரிசைக்கு.

தையல்காரி கொஞ்சம் சரிந்தாள். எதிர் வீட்டிலிருந்து பார்த்தால் தலைக்குக் கீழே அடுக்கிய செங்கல்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்த எனக்கு நாற்காலியே தெரிந்தது. மேஸ்திரி ஒரு முறை அவளைப் பார்த்தார், ஒரு முறை செங்கல்லைப் பார்த்தார். பிறகு செங்கல்லை மட்டுமே பார்த்தார்.

"கொண்டை தெரியுது. இன்னொரு வரிசை."

இதற்குள் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது, நாற்காலியிலிருந்து வழிந்துகொண்டிருந்தாள். முதுகு இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து இருந்தது.

"ஏண்டா, உன் பொண்டாட்டி இவ்வளவு குட்டையா?"

"நின்னா என் தோளுக்கு வருவாக்கா."

"உக்காந்தா சுருங்கிடுவா போல. சரி, தெரியலை. போதும்."

மேஸ்திரி அந்தப் 'போதும்' காற்றில் ஆறுவதற்குள் கலவையைக் குழைத்துவிட்டார்.

தம்பி மேலே ஏறி வந்து பார்த்தபோது சுவர் அவருடைய தொடை அளவுக்கு இருந்தது. "இவ்வளவு தாழ்வாவா?" என்றார். "உங்க அக்கா அளந்ததுங்க" என்றாள். அவர் வந்த வழியே கீழே இறங்கிவிட்டார். அக்கா அளந்தது தப்பு என்று சொல்லப் பிறந்த வாய் அது இல்லை.

குடிவந்த மறுநாள் தையல்காரி மெஷினில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே ஜட்ஜம்மாவுக்கு அவள் இடுப்பிலிருந்து தெரிந்தாள். அடுத்த நிமிஷம் அவர் படியேறி வந்து நின்றார்.

"என்னை ஏமாத்திட்டா."

"நீங்கதானே அண்ணி போதும்னீங்க? பக்கத்து வீட்டக்கா கூடக் கேட்டாங்களே."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "போதும்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு" என்றேன். கண்ணில் விழுந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தன் தீர்ப்பைத் தானே மாற்றுவது ஜட்ஜம்மாவுக்குப் பழக்கமில்லை. அதனால் ஜன்னலுக்குக் கதவு போடச் சொன்னார். ஆசாரி கீழே பாதி, மேலே பாதி என்று இரண்டடுக்காகப் போட்டார். கீழ்ப்பாதி தையல்காரியின் நெற்றி வரைக்கும் வந்தது. அது எப்போதும் சாத்தியிருக்க வேண்டும் என்று உத்தரவு.

ஒரு வாரம் சாத்தியே வைத்திருந்தாள். பகலில் லைட் எரிந்தது. பிறகு ஒரு நாள், தைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏங்க, போறவங்க வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க. ஜன்னலையும் வச்சு எதுக்குச் சாத்தி வச்சிருக்கேன்னு. உங்க அக்கா உயரத்தைத் தப்பா அளந்துட்டாங்க, அதை மறைக்கத்தான்னு சொல்லிடவா?"

அவர் எழுந்து போய்த் தன் கையாலேயே கீழ்க்கதவைத் திறந்துவிட்டார். மூடிக்கொள்ளாமல் இருக்கக் கொக்கியும் மாட்டினார்.

அதன் பிறகு தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நேருக்கு நேர். ஜட்ஜம்மா தலை தூக்கும்போதெல்லாம் தையல்காரி, "சாப்பிட்டீங்களா அண்ணி" என்று சிரித்த முகமாக விசாரித்தாள். பார்ப்பதே வேலையாக இருந்தவருக்குப் பார்க்கப்படுவது ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் நாற்காலியைப் பின்னறைக்கு மாற்றினார். அங்கே பார்க்க வெறும் தண்ணீர்த் தொட்டிதான். மழைக்காலம் முடிவதற்குள் மகன் வீட்டோடு போய்விட்டார்.

அந்த மாடிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் குடிவந்தார், தனியாள். பித்தான் இல்லாத சட்டைகளாகக் காயப்போடுவார். தையல்காரி ஜன்னலிலிருந்தே எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் தங்கையைத் துணைக்கு வரவழைத்தாள். பித்தான் தைக்க வந்தவளைத்தான் அவர் கட்டிக்கொண்டார். போன மாசம் கடையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எதிர் மாடி இப்போது காலி. வாடகைக்குக் கேட்டு யார் வந்தாலும், எப்போதும் மாடியில் துணி உலர்த்தும் என்னிடம்தான் விசாரிக்கிறார்கள்.