கல் மாதிரி ஒரு பிரேக்

மூன்றாவது முறையும் கார் கூம்புகளைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

நிற்க வேண்டிய எல்லையைக் காட்ட வைத்த அந்தப் பிளாஸ்டிக் கூம்புகளுக்கு அப்பால் கொஞ்சம் தூரம்தான் சாலை. அது முடிகிற இடத்தில் சிமெண்ட் சுவர். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அந்த நேர்ச்சாலையில் வேறு வண்டி வராது என்பதால் என் மனைவி அங்கே சோதனை ஓட்டம் வைத்திருந்தாள். கார் அவள் கட்டியது. இரும்புக் குழாய்களை வெட்டி, வெல்டிங் செய்து, அடிச்சட்டத்திலிருந்து எல்லாம் அவள் கைவேலை. ஓட்டுவது அவள் தம்பி. பைக் விபத்தில் வலது கால் முறிந்தபின் அவன் மறுபடி பந்தயத்தில் ஓட்டப்போவது மறுநாள்தான்.

பிரேக்கில் குறையே இல்லை, தான்தான் தாமதமாக மிதித்துவிட்டதாகச் சொன்னான். போன முறையும் இதையேதான் சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் வேகமா போய்ப் பாக்குறேன்க்கா. சரியா வரும்."

"மெதுவா போனதுக்கே நிக்கல. நீ இறங்கு."

காரைப் பட்டறைக்குள் தள்ளினோம்.

நான் மருந்துக் கடைக்காரன். இந்தப் பட்டறையில் எனக்கு ஒரே ஒரு வேலை: பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது சீட்டில் உட்கார்ந்து, அவள் "மிதி" என்றால் மிதிக்க வேண்டும், "விடு" என்றால் விட வேண்டும். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் என்று மைத்துனன் கிண்டல் செய்வான். அந்த வேலையால் பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

பெடலை மிதித்தால் அது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் ஆயிலை நெருக்கும். அந்த அழுத்தம் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். இதில் பலரும் ஏமாறுகிற இடம், சிலிண்டர் பெரிதாக இருந்தால் பிரேக்கும் பலமாக இருக்கும் என்று நினைப்பது. என் கடையில் இருக்கும் சிரிஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான சிரிஞ்சைக் கட்டை விரலால் லேசாகத் தள்ளினாலே தண்ணீர் சீறிக்கொண்டு போகும்; ஆனால் நீளமாகத் தள்ள வேண்டும். தடித்ததில் கொஞ்சம் தள்ளினால் நிறையத் தண்ணீர் வரும். ஆனால் விரல் வலிக்கும். சிலிண்டரும் அப்படித்தான். சிறியது என்றால் அதே மிதிக்கு அதிக அழுத்தம், பெடல் ஆழமாக இறங்கும். பெரியது என்றால் பெடல் இறங்காது, கெட்டியாக நிற்கும், அழுத்தம் குறையும்.

எங்கள் காரில் முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டர்கள். முன்பக்கத்தது முக்கால் அங்குலம், பின்பக்கத்தது அதைவிட ஒரு படி பெரியது. நிறுத்தி வைத்த காரில் மைத்துனன் முதல்முறை மிதித்துப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "கல்லு மாதிரி இருக்கு. இதான் பிரேக்கு" என்றான். நாங்களும் பூரித்துப் போனோம்.

இப்போது மனைவி முன்சக்கரத்தருகே குந்தி, பிரேக் குழாயில் அழுத்தமானியைத் திருகினாள். முள் முப்பத்தைந்தைத் தாண்டினால் இந்தக் காருக்குப் போதும். முதலில் என்னை மிதிக்கச் சொன்னாள். நாற்பத்தைந்து. சிலிண்டர் அளவை முடிவு செய்த அன்றும் இதே நாற்பத்தைந்துதான். அன்றும் சீட்டில் இருந்தது நான்தான்.

அடுத்து தம்பி. நான் எதிர்ப்பக்கக் கதவருகே நின்றிருந்தேன்.

"மிதி."

முள் நாற்பத்து நான்கில் நின்றது. அவள் குழப்பத்தோடு முள்ளையே பார்த்தாள். அவள் இருந்த இடத்திலிருந்து காரின் உள்பக்கம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவனுடைய இடது கால் வலது காலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான்.

"அழுத்தம் சரியாத்தான் இருக்கு. அப்ப நீதான் லேட்டா மிதிக்கிற" என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்பேனரை எடுத்தாள், அழுத்தமானியைக் கழற்ற.

பந்தயத் திடலில் இடது கால் கிளட்ச்சில் இருக்கும். உதவிக்கு வராது. சிமெண்ட் சுவர் என் கண்முன் வந்தது.

"கழட்டாத. ஒத்தக் கால்ல மிதிக்கச் சொல்லு" என்றேன்.

 இடது கால் இறங்கியது. முள் இருபத்தாறுக்கு வந்தது.

அவன் என்னை முறைத்தான். "உங்களுக்கு ஏன் மாமா இந்த வேலை?"

மனைவி எழுந்து ஜன்னலருகே வந்தாள். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள். எலும்பு கூடிவிட்டது, பலம் திரும்ப நாளாகும் என்றாராம்.

"சொல்லிருந்தா சீட்டை வேற யாருக்காவது குடுத்திருப்ப."

"குடுத்திருப்பேன்" என்றாள். குனிந்து பெடலைப் பார்த்தாள். பிறகு, "தப்பு உன்மேல மட்டும் இல்ல. ஓட்டுறவன் கால விட்டுட்டு, மருந்துக் கடைக்காரர் கால அளவெடுத்து கார் கட்டிருக்கேன்" என்று அலமாரியை நோக்கிப் போனாள்.

முன்னால் போட இன்னும் சின்னதாக, எட்டில் ஐந்து அங்குல சிலிண்டரை எடுத்தாள். பின்பக்கத்துக்கும் அதே விகிதத்தில் சின்னது. பின்பக்கத்தை அதற்கு மேல் சிறிதாக்கினால் பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டிக்கொள்ளும், கார் பம்பரமாகச் சுற்றும் என்று மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். தம்பியிடம் ஒரே நிபந்தனை: இந்த முறை கூம்புக்கு முன்னால் நிற்காவிட்டால் நாளைக்கு வேறு ஆள். அவன் தலையாட்டினான்.

காற்று எடுக்க நான் பழக்கத்தில் சீட்டில் ஏறப்போனேன். கையைப் பிடித்து நிறுத்தி அவனை உட்கார வைத்தாள். மிதி, விடு. மிதி, விடு. கடைசியில் ஒற்றைக் காலால் அழுத்தச் சொன்னாள். முப்பத்தேழு. பெடல் தரையில் இடிக்கிறதா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். இடம் இருந்தது.

"என்னக்கா இது, மெத்தைய மிதிக்கிற மாதிரி இருக்கு."

"மெத்தைதான் உனக்கு. போ."

கார் சாலையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பியது. முன்பைவிட வேகமாக வந்தது. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்; பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. கல்லைத் தேடிப் பழகிய கால் அது. பெடல் இறங்க இறங்கப் பிரேக் போய்விட்டதென்று பயந்து பாதியில் விட்டுவிட்டால்? பிரேக் மிதிப்பதற்காகச் சாலையில் போட்டிருந்த கோட்டைக் கார் தொட்டது. மூக்கு கீழே குனிந்தது. டயர் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

முதல் கூம்புக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

அவன் உடனே இறங்கவில்லை. நாங்கள் ஓடிப்போனபோது இரண்டு கைகளும் இன்னும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

"இடது காலுக்கு வேலையே இல்ல மாமா" என்றான் என்னைப் பார்த்து.

"தெரியுது" என்றாள் அக்கா. "கிளட்ச்ச மிதிக்க மறந்து இன்ஜின ஆஃப் பண்ணிட்டல்ல. ஸ்டார்ட் பண்ணு, இன்னொரு தடவ."