எட்டாவது பாட்டு

வாய்க்கரிசிக்காக முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த இளவரசியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் சுரேஷ். அவர்களுடைய பேண்டில் கிட்டார் வாசிப்பவன். ரெக்கார்டிங்கும் அவன் பொறுப்பு.

"நேத்து எடுத்த டேக்க அழிச்சுடட்டுமா?"

"கலையும் முத்துவும் இன்னா சொல்றாங்க?"

"ஒன்னக் கேக்கச் சொன்னாங்க."

வாசலில், பந்தலுக்குக் கீழே, ஐஸ் பெட்டிக்குள் அப்பா பக்கிரிசாமி படுத்திருந்தார்.

"அப்புறம் சொல்றன்" என்றாள்.

பாகூர் பக்கத்தில் ஸ்கா என்ற ஜமைக்கா இசை வாசிக்கும் நாலு பேருக்கு, இளவரசி, சுரேஷ், கலை, முத்துவுக்கு, இடம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். வாரம் முழுக்க ஆளுக்கொரு வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆல்பம். அவருடைய மோட்டார் கொட்டகைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். தனித்தனியாகப் பதிந்து ஒட்டுவது அவர்களுக்குப் பிடிக்காது. நாலு பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். அப்போது மோட்டார் ஓடக் கூடாது. கதவு வழியாக சுரேஷ் கை காட்டினால், வெளிச்சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டரை அப்பா அணைப்பார். வரப்பில் போய் உட்காருவார். பாட்டு நின்றதும் வந்து மறுபடி போடுவார்.

"இன்னா பாட்டுடா இது? கால வெக்கிற எடத்த வுட்டுட்டு தூக்குற எடத்துல அடிக்கிறீங்க?"

"அதான் மாமா ஸ்கா" என்பான் முத்து.

"நாத்து காயுது. சீக்கிரம் ஸ்காவ முடிங்க."

நேற்று எட்டாவது பாட்டு. ஆல்பத்தில் கடைசி. மூன்று வாரமாக வராதது நேற்று வந்துவிட்டது. இளவரசி ஊதிய டிராம்போன் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. முடிந்த பிறகும் நால்வரும் அசையாமல் நின்றார்கள், மோட்டார் சத்தம் வரட்டும் என்று. வரவில்லை.

"ஒங்கப்பா தூங்கிட்டாரு. அவ்ளோ நல்லா வாசிச்சிருக்கோம்" என்றான் கலை. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் அவள் வெளியே வந்தாள்.

வரப்பில் அப்பா உட்கார்ந்தவாறே சாய்ந்திருந்தார். ஐந்து நிமிஷத்துக்குள் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். பாட்டு நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி.

இன்று மூன்று மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். அண்ணன் தணிகைவேல் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். சுரேஷ், கலை, முத்து மூவரும் கூடப் போனார்கள். பெண்கள் தெருமுனையில் நின்று திரும்பினார்கள். வீடு கழுவி முடித்ததும் தனக்கொடி அத்தை வந்தாள்.

"ஏண்டி, எரிச்சுட்டு வர்ற ஆம்பளைங்க ஒங்க போருலதான் குளிக்கணும். போயி மோட்டாரப் போட்டு வுடு. நேத்துலேர்ந்து யாரும் போடல."

இளவரசி கொட்டகைக்குப் போய் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றாள். நாற்றங்கால் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் பொத்தானை அழுத்தவில்லை.

ஆட்கள் வரப்பில் வரிசையாக வந்தார்கள். முன்னால் மொட்டைத் தலையோடு தணிகைவேல்.

"இன்னாம்மா, கரண்டு இல்லியா?"

"இருக்குதுண்ணா." அவள் சுரேஷைப் பார்த்தாள். "உள்ள போயி மைக்கப் போடு."

"குளிக்காமயா?"

"போ. நேத்து எடுத்தத அழிக்காத. அது முடிஞ்ச எடத்துலேர்ந்து எடு, மோட்டார் சத்தம் பாக்கி இருக்குது."

அவன் முத்துவைப் பார்த்தான். முத்து தலையசைத்தான். கதவைத் தள்ளிக்கொண்டு சுரேஷ் உள்ளே போனான். ஈர மண்ணும் சாம்பலும் ஒட்டிய கால்களோடு மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் செருமினார், கலை அவர் தோளைத் தொட்டதும் அடக்கிக்கொண்டார்.

கதவு வழியாக சுரேஷின் கை நீண்டது.

இளவரசி பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. குழாயிலிருந்து முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு வெள்ளைத் தண்ணீர். தணிகைவேல் குனிந்து தலையைக் கொடுத்தான். அவனை நனைத்துவிட்டு மீதித் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நாற்றங்காலுக்குப் போனது.