பத்தாம் நம்பர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹெலிகாப்டரின் இன்ஜினை ஓட்டிக் காட்டுவதாக எல்லோருக்கும் அழைப்பிதழ் போய்விட்டது. வியாழக்கிழமை காலை சூப்பர்வைசர் வந்து, எரிபொருள் டேங்கை இறக்கப் போகிறேன் என்றார். அருங்காட்சியக மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"டேங்க்ல என்ன கோளாறு சார்?"

"டேங்க்ல ஒண்ணும் இல்ல. அதுக்குப் பின்னாடி பாக்கணும்."

"ரெண்டு வருஷமா பாக்காததை இப்பதான் பாக்கணுமா?"

நியாயமான கேள்விதான். சூப்பர்வைசரிடம் பதிலும் இருந்தது; அதைச் சொல்லாமல் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

அந்த ராணுவ ஹெலிகாப்டர் முப்பது வருடம் ஷெட்டில் தூங்கியது. சூப்பர்வைசர் உட்பட, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஏழு பேர் சேர்ந்து இரண்டு வருடமாக அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காட்சிப் பலகையில் அச்சடிப்பதற்காக மேனேஜர் அதன் சர்வீஸ் புத்தகத்தைத் தேடிப் பிடித்து புதன்கிழமைதான் சூப்பர்வைசரிடம் கொண்டுவந்து நீட்டினார். நாலாயிரத்துச் சொச்சம் மணி நேரம் பறந்தது, வால் பக்கத்துக் குண்டு ஓட்டைக்குத் தகடு அடித்தது, வெள்ளத்தில் ஒரே நாளில் பதினெட்டு தடவை போய் வந்தது, எல்லாம் அதில் இருந்தது. வெள்ளத்துக்கு முந்தின நாள் தேதியில் ஒரு குறிப்பும் இருந்தது: 'பத்தாம் எண் ஸ்பானர் ஒன்று குறைகிறது. எல்லாப் பகுதிகளும் திறந்து தேடப்பட்டன. கிடைக்கவில்லை. பறக்கலாம்.' கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து, இளவயசின் அத்தனை வளைவு நெளிவுகளோடும்.

எல்லாப் பகுதிகளையும் அவர் திறக்கவில்லை. டேங்குக்குப் பின்னால் இருக்கும் அறையைத் திறக்க ஒரு நாள் முழுசாக ஆகும். விடிந்தால் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கப் போயாக வேண்டும். மேலதிகாரிகள் கழுத்தில் கத்தி வைக்காத குறை. கையெழுத்தைப் போட்டுவிட்டார். இந்த இரண்டு வருடமும், "டேங்க் நல்லாத்தான் இருக்கு, தொட வேணாம்" என்று சப்பைக்கட்டு கட்டியவரும் இவர்தான். ஆனால் அந்தப் பொய்யை அச்சடித்துச் சுவரில் மாட்டப் போகிறார்கள் என்றதும் மனுஷனால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

ஸ்பானர் குறைகிறது என்று அன்று தானாக வந்து சொன்னவர் ஒரு மெக்கானிக். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ண வேண்டும், ஒன்று குறைந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலின் முதல் பாடம் அது. பாடத்தை ஒழுங்காகப் படித்ததற்கு அவருக்குக் கிடைத்தது, மூன்று வருடம் நின்றுபோன பதவி உயர்வு, தன் மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பானரைத் திருடிப் போனான் என்ற பேச்சு, கூடவே 'பத்தாம் நம்பர்' என்ற பட்டப்பெயர். பிற்பாடு அவருடைய மகனுக்கே சூப்பர்வைசர் தன் மகளைக் கட்டிக்கொடுத்தார். கல்யாணச் சாப்பாட்டின்போது ஒரு பழைய நண்பன், "என்ன பத்தாம் நம்பர், கரண்டியெல்லாம் எண்ணியாச்சா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வரும்.

சம்பந்தியும் அந்த ஏழு பேரில் ஒருவர். அவர் வருவதற்குள் போல்ட்டுகளைக் கழற்றிவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் அவசரப்பட்டார். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் தகடு வரைக்கும் ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு இழுத்திருக்கும். போல்ட்டை லேசாகத் திருகினாலும் கோடு உடைந்துவிடும். இருபத்திரண்டு போல்ட்டிலும் கோடு முழுசாக இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்த தேதி, வெள்ளத்துக்கு ஒரு மாதம் முந்தையது.

துருப்பிடித்த ஆறாவது போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் விழுந்தது.

"தனியா ஏன் சம்பந்தி கஷ்டப்படுறீங்க?" என்றார் சம்பந்தி. வெளிச்சம் கோடுகளின்மேல் மெதுவாக ஊர்ந்தது. அவர் உட்கார்ந்து ஏழாவதைக் கழற்ற ஆரம்பித்தார்.

மேனேஜர் மூன்று தடவை வந்து கெஞ்சிப் பார்த்தார். சூப்பர்வைசர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் டேங்க் இறங்கியது.

மேலே இருந்த இடுக்கு வழியாக விழுந்த ஸ்பானர், ரோட்டர் இறக்கைகளைக் கட்டுப்படுத்தும் கம்பியை ஒட்டிக் கிடந்தது. உரசி உரசிக் கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தது. அந்தக் கம்பி அறுந்தால் பைலட்டின் கையில் ஹெலிகாப்டர் இல்லை.

"நான் இதைத் திறக்கல சம்பந்தி. திறந்ததா எழுதிட்டேன்."

"தெரியும்."

"நேத்து அந்தச் சிவப்புக் கோடுகளைப் பாத்தீங்களா?"

"அப்பவே பாத்தேன். வெள்ளத்துலேர்ந்து திரும்பினதும் ஹெலிகாப்டரைத் துடைக்கப் போனேன். ஒரு கோடும் உடையல."

"ஏன் சொல்லல?"

"ஏற்கெனவே திருடன்னாங்க. சொன்னா, பழியை உங்க தலையில கட்டுறேன்னு சொல்லுவாங்க. பயந்துட்டேன்."

சூப்பர்வைசருக்கு அழுகை வந்தது, அழுதார். மன்னிப்புக் கேட்டார். சம்பந்தி தேய்ந்த கம்பியையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை இன்ஜின் ஓடவில்லை. கம்பியை மாற்றாமல் ஓட்ட சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. வந்திருந்தவர்களின் முன்னால் புத்தகத்தைத் திறந்து, அந்தக் குறிப்பைச் சத்தமாகப் படித்தார். 'திறக்காமலேயே திறந்ததாக எழுதினேன். ஸ்பானர் உள்ளேதான் இருந்தது' என்று அதன் கீழே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

சம்பந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பேனாவைக் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கு சம்பந்தி? உங்க மேல தப்பே இல்லையே."

"அதுக்கப்புறம் பதினாலு மாசம் இது பறந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஆளுங்களை ஏத்தி, கதவைச் சாத்திவிட்டது நான்தான். உங்களுக்கு அது உள்ள இருக்குமோன்னு சந்தேகம்தான். நான் எடுக்கலங்கறதால, அது உள்ளதான் இருக்குன்னு எனக்கு நல்லாவே தெரியும்."

பேனாவை வாங்கி, சூப்பர்வைசரின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.